வெறுங்காலில் போட்டுப் பார்த்த பேன்ட்

என் அண்ணன் ஜெரின் மீன்படகில் சமையல்காரன். படகு எவ்வளவு ஆடினாலும் அவன் குழம்பு சிந்தாது. அவனுக்குத் தெரிந்த ஒரே குளிர் ஐஸ் பேக்டரிதான்.

அவன் சமையலைச் சாப்பிட்ட டெல்லிக்காரர் ஒருவர், காஷ்மீரில் பனிச்சறுக்கு போகும் கூட்டத்துக்குச் சமைக்கக் கூப்பிட்டார். பனியில் நிற்கும்போது உடுப்புக்கு மேலே மாட்டிக்கொள்ள, பஞ்சு வைத்த பேன்ட் இரண்டை அனுப்பி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று மடித்தால் தேங்காய் அளவு. மற்றது தலையணை அளவு. அதற்கு மட்டும் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஜிப்.

ஐஸ் அறையில் சோதித்தோம். செருப்பை வாசலிலேயே விட்டோம். அவன் சின்னதை மாட்டியதும் நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"திறட்டி, லூசி."

"காஷ்மீர் வந்துட்டு, இறங்கு."

திறந்தபோது சிரித்துக்கொண்டு நின்றான். "குளிரே தெரியலட்டி. இதுவே போதும்."

நேற்று மலையடிவாரத்திலிருந்து பேசினான். பின்னால் காற்று ஊளையிட்டது.

"பூட்ஸோட கால் இந்த பேன்ட்டுக்குள்ள நுழையலட்டி. கழட்டினாத்தான் போட முடியும்."

பெரிய பேன்ட்டில் அந்த ஜிப் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

"வேற வாங்கு அண்ணா."

"கடை மூடியாச்சு. காலையில ஏறணும். பனியில ஒரு நிமிஷம் கழட்டினா என்ன?"

"விறைச்சு கால்விரலே போயிடும். கத்தியெடுத்து முழங்கால்வரை கிழி, கயிறு வச்சுக் கட்டு."

"புது பேன்ட்டையா? உன் விளையாட்ட வேற யார்கிட்டயாவது காட்டு."

நான் விளையாடவில்லை. இன்று காலையிலிருந்து அவன் போன் அணைந்து கிடக்கிறது. அம்மா கேட்டால், மலையில் சிக்னல் கிடையாது என்கிறேன்.