பள்ளத்தில் நின்ற லாரி

போன மாதம் எங்கள் மூலக்குளத்துப் பக்கம் மறுபடியும் மண் தோண்ட வந்தார்கள். குடியிருக்கிற ஜனங்கள் ரோட்டை மறித்தார்கள். நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். “முட்டி வலியோட எதுக்கு ஆயா, ஊட்டுக்குப் போங்க” என்றாள் ஒரு பெண். எனக்கு இது புதிதா? என் அம்மா உட்கார்ந்த ரோடு அது.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் செம்மண் குழி. வெட்டிக்கொண்டே வந்ததில், ஒரு மழைக்குப் பக்கத்து வீட்டு அத்தையின் கிணற்றடிச் சுவர் குழிக்குள் சரிந்துவிட்டது. அடுத்தது எங்கள் வீடு. அந்த மண்ணை லாரியில் ஏற்றிப் போனதோ என் அப்பா! வீடு நிற்குமா என்று அம்மா கேட்பாள். அப்பா குனிந்து சோற்றைப் பிசைவார். அந்தச் சோறும் மண்ணில் வந்ததுதானே.

அப்பாவைப் போல லாரி ஓட்ட அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. சும்மா சொல்லவில்லை. முதலாளி பேட்டரிக்குச் செலவே செய்யாத வண்டி அது. சாவி போட்டால் கிளம்பாது. அப்பா எப்போதும் கோயில் மேட்டில்தான் நிறுத்துவார். காலையில் பிரேக்கை விட்டால் தானே உருண்டு, நாலு இருமல் இருமி, உயிர் பிடிக்கும். “பள்ளத்துல ஆஃப் பண்றவன் டிரைவரே இல்ல” என்பார்.

ஒருநாள் அம்மாவும் தெருப் பெண்களும் குழியிலிருந்து வரும் ஒரே பாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். மண் பாரத்தோடு அப்பாவின் லாரி முதலில் வந்தது. பின்னால் இன்னும் இரண்டு.

“எழுந்திருடி, வண்டி போவணும்” என்றார் அப்பா.

“போவக் கூடாதுன்னுதான் குந்திக்கினு இருக்கோம்” என்றாள் அம்மா.

“ஏத்துண்ணே எங்க மேல!” என்றாள் அத்தை. “சோத்த மட்டும் மொதலாளி ஊட்டுல துன்னுக்க.”

சிரிப்பு அடங்குவதற்குள் இஞ்சினும் அடங்கிவிட்டது. சரியாகப் பாதையின் அடிப்பள்ளத்தில்.

முதலாளி ஜீப்பில் வந்து குதித்தார். “யோவ், இங்கயா ஆஃப் பண்ணுவ? அறிவிருக்கா?”

“கை தவறிப் போச்சு மொதலாளி.”

மண் வாரும் ஆட்கள் பேருக்குக் கைவைத்துத் தள்ளினார்கள். அவர்கள் வீடும் எங்கள் வரிசையில்தான். வண்டி அசையவில்லை. பின்னால் நின்றவற்றுக்கும் வழியில்லை. பெண்கள் கைகொட்டிச் சிரிக்க, எனக்கு மானம் போய் அழுகையே வந்துவிட்டது. முதலாளி அங்கேயே அப்பாவின் சீட்டைக் கிழித்தார். மறுநாள் தாலுகா ஆபீஸ் அதிகாரி வந்து சரிந்த சுவரைப் பார்த்து, தோண்டுவதை நிறுத்தச் சொல்லும்வரை மூன்று லாரிகளும் அப்படியே நின்றன.

வேலை போன அன்று சாயங்காலம் அம்மா மீன் குழம்பு வைத்தாள்.

“மேட்டுல நிறுத்தணும்னு நீதானப்பா சொல்லுவ?” என்று அப்பாவைக் கேட்டேன்.

“மறந்துட்டேன் கண்ணு” என்றார்.

“வாய மூடிக்கினு துன்னு” என்று என்னை அதட்டிவிட்டு, அம்மா இருப்பதிலேயே பெரிய துண்டை அவர் தட்டில் வைத்தாள்.

இத்தனை வருஷம் ஓட்டியவருக்கு மேடு பள்ளம் மறந்துபோயிற்றே என்று பரிதாபமாக இருந்தது. வேலையைக் கோட்டைவிட்டு வந்தவருக்கு எதற்குப் பெரிய துண்டு என்று, என் தட்டைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன்.