முதுகுக்குப் பின்னால் பறந்த படச்சுருள்

இலங்கையில், ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், சிவபாக்கியத்தின் வீட்டுக்கு யார் போனாலும் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் பெரிய படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள். மஞ்சளும் சிவப்புமாக மேடு, பள்ளம், மேடு, பள்ளம். ஒரு செடி கிடையாது. "இது எந்த மலைங்க, இப்பதான் செடியெல்லாம் கவ்வாத்து வெட்டுனாங்களா?" என்று கேட்பார்கள். பாக்கியம் சிரிப்பாள். அது ஓமான் நாட்டுப் பாலைவனம். பறக்கும் விமானத்திலிருந்து எடுத்த படம். எடுத்தவள் அவளேதான்!

தொண்ணூறுகளின் கடைசியில் அவள் ஓமானுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போய்ச் சேர்ந்த வீட்டுக்காரி இங்கா என்ற டென்மார்க் பெண். பாலைவனத்தை மேலேயிருந்து படம் எடுப்பதுதான் அவருடைய தொழில். ஒரு சின்ன விமானம், ஒரு பக்கக் கதவைக் கழற்றி வைத்திருப்பார்கள். இங்கா இடுப்பில் பட்டியைக் கட்டிக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டிப் படம் எடுப்பார். கேமரா இரண்டு. ஒன்றில் எடுக்கும்போதே, பக்கத்தில் ஒருவர் மற்றதில் முடிந்த படச்சுருளைக் கழற்றிப் புதிய சுருளைப் போட வேண்டும். அந்த வேலைக்கு இருந்த பையன் ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுத்தான். கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்.

முதலில் டிரைவர் மர்சூக்கைத்தான் கேட்டார் இங்கா. மர்சூக்கும் இலங்கைதான், பலாங்கொடைக்காரர், பாக்கியத்தைத் தங்கச்சி என்றே கூப்பிடுவார்; அவளுக்கு அவர் நானா, அண்ணன். அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "எனக்கி ஏலாது மேடம். உம்மா தந்த உசுரு ஒண்ணே ஒண்ணுதான் ஈக்கிது."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பாக்கியம் ஈரக் கையோடு வந்து நின்றாள். தோட்டத்து லொறியில் நின்றுகொண்டே வளைந்து வளைந்து போகும் அத்தனை முடக்குப் பாதையிலும் போனவள். ஒரு நாளும் அவளுக்குக் குமட்டியதில்லை. "நான் போறேங்க" என்றாள்.

வீட்டு மேசையில் பழைய சுருளை வைத்துப் பழகினாள். கழற்று, டப்பாவில் போடு, மூடு, பையில் வை, புதியதை மாட்டு. கண்ணை மூடிக்கொண்டும் செய்துபார்த்தாள். கொழுந்து எடுத்த விரல்களுக்கு அது சீக்கிரம் படிந்துவிட்டது.

முதல் தடவை மேலே போன அன்று அவள் அழுதுவிட்டாள். பயத்தில் இல்லை. தோட்டத்தில் எப்போதும் மேலே ஒருவர் நின்று கீழே பார்த்துச் சத்தம் போடுவார். கங்காணி, அவருக்கு மேலே கணக்கப்பிள்ளை, அவருக்கும் மேலே தொரை. இங்கே அவளுக்கு மேலே யாருமே இல்லை. கீழே மணல், வானம் முடிகிற இடம் வரைக்கும், யாரோ சீப்பால் வாரி விட்டதுபோல வரிவரியாகக் கிடந்தது. இனி இந்த இருக்கையை விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அந்த இருக்கைக்குத்தான் ஆபத்து வந்தது.

அந்த வருடம் பாலைவனத்தில் மழை பெய்தது. மணல்மேடுகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி, கண்ணாடித் துண்டுகள் மாதிரி மின்னியது. பல வருடத்துக்கு ஒரு தடவை வரும் காட்சி. வெயில் ஏறினால் வற்றிவிடும். இங்கா கத்திக்கொண்டே எடுத்தார். ஒரு சுருள் முடிந்ததும் கேமரா பாக்கியத்தின் மடிக்கு வந்தது. காற்றும் தூசியும் கேமராவுக்குள் போகாமலிருக்க, அவள் எப்போதும் திறந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். கழற்றினாள், டப்பாவில் போட்டாள், மூடினாள். இங்கா "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறார். பாக்கியத்தின் கை அதுபாட்டுக்கு மேலே போய், டப்பாவைத் தோளுக்குப் பின்னால் வீசியது.

கொழுந்துக் கூடைக்குள் வீசுகிற அதே வீச்சு. கை நிறைந்தால் திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் போடு என்று எத்தனை வருடம் பழகிய கை! ஆனால் அன்றைக்கு முதுகில் கூடை இல்லை. முதுகுக்குப் பின்னால் இருந்தது வானம்.

விமானி இரண்டு வட்டம் அடித்து, வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொண்டார். தரையிறங்கியதும் இங்கா, தண்ணீர் தெரிகிற படம் எல்லாம் அதில்தான் இருந்தது, சுருள் கிடைக்காவிட்டால் நாளையிலிருந்து நீ சமையலறையோடு சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாக்கியம் மர்சூக்கின் வண்டியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். "நான் எறியலிங்க நானா, கைதான் எறிஞ்சிருச்சு" என்றாள்.

மர்சூக் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனார். "நல்ல வேள தங்கச்சி, கேமராவ எறியல்ல."

அன்று மாலையே மற்றக் கேமராவில் இருந்த சுருளைக் கழுவிப் பார்த்தார்கள். டப்பா விழுந்த அதே நேரத்தில் இங்கா எடுத்த படம் அதில் இருந்தது. கவ்வாத்துக் கத்தி மாதிரி வளைந்த ஒரு மணல்மேடு, அடியில் ஒற்றை மரம். விமானி குறித்த இடத்தில் அந்த மேட்டைத் தேடினால் போதும்.

விடிந்ததும் மூன்று பேரும் வண்டியில் போனார்கள். மேடு கிடைத்தது, மரமும் இருந்தது. ஆனால் கீழே நின்று பார்த்தால் அது மேடு இல்லை, ஒரு மலை. இங்கா ஒரு பக்கம் ஓடினார், மர்சூக் ஒரு பக்கம் ஓடினார். பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். வெயில் ஏறியது. காற்று வந்து மணலைத் தள்ள ஆரம்பித்தது. இங்கா வண்டி நிழலில் உட்கார்ந்து, திரும்பிவிடலாம் என்றார்.

பாக்கியம் மேட்டை ஏறெடுத்துப் பார்த்தாள். திரும்பினால் சமையலறை. ஆனால் இப்படிக் கண்டபடி ஓடினால் எந்த மலையில்தான் வேலை முடியும்?

"நானா, மேடத்துகிட்ட சொல்லுங்க. கொழுந்து எடுக்கிற மாதிரி நெர புடிச்சுப் போவோம். ஆளுக்கு ஒரு நெர. அவங்கவங்க நெரய விட்டு யாரும் வெளிய போகக்கூடாது. மேல போய்ச் சேந்ததும் அடுத்த நெர."

மர்சூக் அதை இங்கிலீஷில் சொன்னார். இங்கா எழுந்து வந்தார். பாக்கியம் இருவரையும் கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நிறுத்தினாள். ஏறினார்கள், இறங்கினார்கள். காலடித் தடம் பதிந்த இடம் முடிந்த நிரை, பதியாத இடம் பாக்கி. மர்சூக் நிரையை விட்டு நிழல் பக்கம் ஒதுங்கியபோது அவள் கங்காணி மாதிரியே ஒரு சத்தம் போட்டாள். தன் குரலைக் கேட்டுத் தனக்கே சிரிப்பு வந்தது.

டப்பா இங்காவின் நிரையில் கிடைத்தது. மணலுக்கு மேலே மூடி மட்டும் தெரிந்தது. அவர் அதைத் தோண்டி எடுத்து, காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்தார். உள்ளே சுருள் குலுங்கியது. முழங்காலில் உட்கார்ந்துகொண்டே பாக்கியத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார்.

பாக்கியம் மணலில் விழுந்து எழுந்து ஓடினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "இன்னைக்கு மேடந்தான் எல்லாரவிடக் கூட கொழுந்து எடுத்திருக்காங்க" என்றாள். மர்சூக் அதை இங்கிலீஷில் சொல்ல முடியாமல் திணறியதைப் பார்த்து மூன்று பேரும் சிரித்தார்கள்.

சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் மின்னும் படங்கள் அத்தனையும் அப்படியே வந்தன.

அடுத்த தடவை விமானத்தில் ஏறும்போது பாக்கியத்தின் முதுகில் ஒரு சாக்குப்பை தொங்கியது. கொழுந்துக் கூடையைப்போலக் கயிற்றைத் தலையில் மாட்டி, அவளே தைத்துக் கட்டியது. கழற்று, மூடு, வீசு! டப்பா சரியாகப் பைக்குள் விழுந்தது. விமானி திரும்பிப் பார்த்துக் கை தட்டினார். அதற்குப் பிறகு அவள் ஊர் திரும்பும்வரை அந்த இருக்கையில் வேறு யாரும் உட்காரவில்லை.

கடைசித் தடவை பறந்த அன்று இங்கா கேமராவை அவளிடம் நீட்டிவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். பாக்கியம் பட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே சாய்ந்தாள். கீழே வரிவரியாக மணல். ஒரே ஒரு தடவை அழுத்தினாள்.

அந்தப் படம்தான் இன்று அவள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. "நீங்க எடுத்தீங்கன்னு சொல்றீங்களே அக்கா, நீங்க இதுல இல்லயே?" என்று ஒரு நாள் பக்கத்து லயத்து வீட்டு ஷாமிளா சீண்டினாள்.

பாக்கியம் முக்காலியில் ஏறி, மணல் வரிகளுக்கு நடுவே சிலுவை மாதிரி விழுந்திருந்த ஒரு சின்னக் கறுப்பு நிழலில் விரலை வைத்தாள். விமானத்தின் நிழல்.

"நல்லா பாரு. இதுக்குள்ளதான் உக்காந்திருக்கேன்."