உள்பக்கத்தைக் காட்டுங்க

தையலக்கா எந்தச் சட்டையைக் கையில் எடுத்தாலும் முதலில் அதை உள்பக்கமாகப் புரட்டிவிடுவார். காலரின் மிடுக்கும் பொத்தானின் பளபளப்பும் அவர் கண்ணில் படுவதே இல்லை. உள்ளே நூல் ஓடியிருக்கும் இடத்தை இரண்டு கட்டைவிரல்களாலும் பிடித்து மெல்ல ஓர் இழுப்பு. தாங்கினால் தலையாட்டுவார். தையல் பல்லை இளித்தால், "வெளிப்பக்கம் விக்கிறவனுக்கு, உள்பக்கம்தான் நமக்கு" என்று வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். துணிக்கடைக்காரர்கள் அவரைத் தூரத்தில் கண்டாலே சட்டைகளை மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

இந்தப் பழக்கம் துணியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கட்டில் வாங்கப் போன இடத்தில், கடைத் தரையில் மல்லாந்து படுத்து அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தவர் அவர். கூடப் போயிருந்த வீட்டுக்காரர் தனக்கும் அந்த அம்மாளுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல அலமாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்க்கும் மனிதர், நாலு பேருக்குத் தெரிந்தவர்.

இருபத்தாறு வருஷம் தையல் மிஷினை மிதித்தாயிற்று. முன்பெல்லாம் பேச்சை நிறுத்தாமலே ஊசியில் நூல் கோப்பார். இப்போது ஊசியின் காது கண்ணாமூச்சி காட்டுகிறது. "இன்னும் ரெண்டு வருஷம் இதே மாதிரி தைச்சீங்கன்னா, அப்புறம் சுவரைத் தடவித்தான் நடக்கணும்" என்று கண் டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் எழுந்ததும் ஆயுள் காப்பீட்டு முகவர் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு வந்தார். நாற்பத்தெட்டு வயதில், பெற்ற மகளைவிடச் சின்னதுகளோடு பெஞ்சில் உட்கார்ந்து எழுதி, முதல் தடவையிலேயே தேறியும் விட்டார்.

தேறிய வாரத்தில் மூன்று கம்பெனிகள் ஒப்பந்தத் தாள் அனுப்பின. துணி வெட்டும் மேசையில் மூன்றையும் வரிசையாகப் பரப்பினார்கள். வீட்டுக்காரர் முதல் பக்கங்களை உரக்கப் படித்தார்.

"இவன் முப்பத்தஞ்சு சதவீதம் கமிஷன் தர்றான். அடுத்தவன் இருபத்தஞ்சு. இது என்ன, இருபதுதானா? இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? கண்ணை மூடிக்கிட்டு முதல் ஆளுகிட்ட சேர்ந்துடு."

"கண்ணு மூடிப்போச்சுன்னா என்ன பண்றதுன்னுதானே இந்தப் பரீட்சையே எழுதினேன்" என்றார் அக்கா.

வீட்டுக்காரர் தாள்களை அக்கா பக்கம் தள்ளினார்.

கணக்கு அக்காவுக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது. ஒருவர் பாலிசி எடுத்தால் வருஷா வருஷம் தவணை கட்டுவார். முதல் வருஷத் தவணையில் முகவருக்குப் பெரிய பங்கு. பிறகு வரும் வருஷங்களில் சின்னச் சின்னப் பங்கு. பெரியது காலர், சின்னதுதான் தையல். கண் போனாலும் கால் ஓய்ந்தாலும், உட்கார்ந்த இடத்தில் சோறு போடப் போவது அந்தச் சின்னதுதான். ஆகவே மூன்று தாளையும் ஒன்றாகப் புரட்டினார். பென்சில் கைக்கு எட்டவில்லை. துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டி இருந்தது.

முப்பத்தைந்தின் பின்பக்கத்தில், சின்னப் பங்கு மூன்று வருஷத்தோடு சரி என்றிருந்தது. குறுக்கே ஒரு கோடு. இருபத்தைந்தில், இரண்டு மாதம் இலக்கைத் தவறவிட்டால் எல்லாமே நின்றுபோகும். இன்னொரு கோடு. இருபதில்தான் தவணை வரும் காலம் முழுக்கப் பங்கு உண்டு. ஆனால் கடைசித் தாளின் அடியில் ஒரு வரி: 'முகவர் விலகினால் கமிஷன் வழங்கப்பட மாட்டாது.'

அந்த 'விலகினால்' மேல் அக்கா நீல வட்டம் போட்டார். அவர் தொழிலில் விலகல் என்பது ஒரு வியாதி. தையல் விலகிவிட்டது என்று யாராவது ரவிக்கையைக் கொண்டுவந்தால், "நூலு விட்டுச்சா, துணி விட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்பார். நூல் விட்டிருந்தால் தப்பு அவருடையது, காசு வாங்கமாட்டார்.

இதற்குள் முப்பத்தைந்துக்காரர் போனில் வந்து குழைந்தார். "அக்கா, உங்களுக்காக முப்பத்தேழு ஆக்கிடறேன்!"

"காலரைப் பெருசாக்கினா சட்டைக்குக் கை முளைச்சிடுமா தம்பி?" என்று கேட்டு போனை வைத்தார் அக்கா.

மிஞ்சியது ஒரே தாள். அதுவும் கைநழுவினால் மறுபடி மிஷின்தான், மிஷினுக்குப் பிறகு சுவர்தான். கம்பெனி வாசற்படி ஏறும்போது வீட்டுக்காரர் கெஞ்சினார்: "கிடைக்கிறதையும் கெடுத்துக்காதே. கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடு."

உள்ளே, அக்காவோடு பரீட்சையில் தேறிய நான்கு பேர் ஏற்கெனவே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிளை மேலாளர் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அக்கா நீட்டிய தாளில் நீல வட்டத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"என்னங்க இது, சாக்கட்டியா?"

"துவைச்சாப் போயிடும்மா. இந்த ஒரு வார்த்தைதான் சந்தேகம். நான் விலகினாலா, நீங்க விலக்கினாலா, இல்ல உடம்பு விலக்கினாலா?"

"எப்படி நின்னாலும் நின்னதுதானேக்கா?"

"செத்துப்போறதும் விலகுறதுதானா?"

மேலாளர் அந்த வரியை மறுபடி படித்தார். அக்கா குரலை உயர்த்தாமலே சொன்னார்:

"நீங்க போனாலும் உங்க குடும்பம் தெருவுல நிக்காதுன்னு வீடு வீடாப் போய்ச் சொல்றதுதாம்மா எனக்கு வேலை. நான் போனா என் குடும்பத்துக்கு ஒண்ணும் கிடையாதுன்னா, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அதைச் சொல்லுவேன்?"

வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தார்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்து, அவர் மற்றொருவரைத் தேடிப் போக, இந்தப் பக்கம் ஆறு பேரும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் போனை வைத்தபோது முகத்தில் அசட்டுச் சிரிப்பு ஒன்று ஒட்டியிருந்தது.

"தனியா ஒரு இணைப்புத் தாள் இருக்காம்க்கா. மூணு வருஷம் வேலை பார்த்தவங்க, உடம்பு முடியாம நின்னாலும் இறந்துட்டாலும், கமிஷன் அவங்களுக்கோ வாரிசுக்கோ போய்க்கிட்டே இருக்கும். கேட்டாத்தான் குடுப்பாங்களாம். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையா?"

"இந்தக் கிளையில இல்லைக்கா."

டக் டக்கென்று நான்கு பேனாக்கள் மூடிக்கொண்டன. "மேடம், எங்களுக்கும் அந்தத் தாள் வேணும்" என்றது ஒரு குரல். "எனக்கும்" என்றது இன்னொன்று. அக்காவுக்கு மனசுக்குள் ஒரு குதி குதிக்க வேண்டும்போல் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஆயிரம் பேருக்கு அளவெடுத்திருக்கிறார். ஒரு கம்பெனிக்கு அளவெடுத்தது இதுதான் முதல் தடவை. வீட்டுக்காரரோ பக்கத்திலிருந்தவரிடம், "எங்க வீட்டம்மா. கட்டில் வாங்கினாக்கூட அடியில படுத்துப் பார்த்துத்தான் வாங்குவாங்க" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

இணைப்புத் தாள் அச்சாகிச் சூடாக வந்தது. அக்கா அதைப் புரட்டினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. திருப்பி வைத்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். வாரிசு என்ற இடத்தில் மகளின் பெயரைக் கோணல்மாணல் இல்லாமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, தாளை இரண்டு கட்டைவிரல்களாலும் பிடித்து மெல்ல ஓர் இழுப்பு இழுத்தார்.

"அக்கா, கிழிஞ்சிடப் போகுது!" என்று பதறினார் மேலாளர்.

தாள் தாங்கியது. தையலக்கா தலையாட்டினார்.