வள்ளியாத்தாள் சொன்ன பெயர்

முப்பத்தாறாம் வருஷத்தில் நான் சேலத்து மோட்டார் கம்பெனி ஒன்றில், வண்டி பழுது பார்க்கும் பகுதியில், குமாஸ்தாவாக இருந்தேன். அப்போது மோட்டார் வைத்திருந்தவர்கள் சும்மா ஆட்களா? பண்ணையார், வக்கீல், மில் முதலாளி. ஊரையே மிரட்டுகிறவர்கள் என் மேஜைக்கு முன்னால் வந்ததும் பூனைக்குட்டி ஆகிவிடுவார்கள். காரணம், நான் நீட்டும் காகிதம். முழுக்க இங்கிலீஷ், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. "கையெழுத்து எங்கே போடணும், ஆரோக்கியம்?" என்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர் கேட்டதில்லை. கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம், பாவம்!

கேட்டவர் ஒரே ஒருவர்தான். பரமத்தி வேலூர் வள்ளியாத்தாள். அந்த அம்மாளுக்குத் தமிழே எழுதப் படிக்கத் தெரியாது.

வேலூரில் காவிரிக்கரையில் அவர்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சேந்தமங்கலத்து வைத்தியர் வாரா வாரம் எண்ணெய் போட்டு நீவிவிட்டதில் கொஞ்சம் பேச்சு திரும்பியிருந்தது. மாட்டுவண்டியில் அவ்வளவு தூரம் போனால் மனிதர் குலுங்கிச் செத்தே போவார். அதனால் வீட்டிலிருந்த மோட்டாரை நம்பித்தான் அவர் உயிர் இருந்தது. அதன் கியர் உடைந்து, முக்கி முனகி எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. டிரைவர் மெக்கானிக்கோடு பின்னால் போய்விட்டான். அந்த அம்மாளும், துணைக்கு வந்த கொழுந்தனார் கருப்பண்ணனும் என் எதிரே நின்றார்கள்.

"இதுல என்ன எழுதியிருக்குது? படிச்சுச் சொல்லு சாமி" என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள். இருந்தாலும் சொன்னேன். இதில் சொந்தக்காரர் என்று யார் பெயர் எழுதுகிறோமோ, அவர் கையில்தான் வண்டியைத் திருப்பித் தருவோம். வேறு யார் வந்து அழுதாலும் தரமாட்டோம்.

"சரி, வண்டி யார் பேர்லம்மா?"

அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. கொழுந்தனாரைப் பார்த்தார். இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று ஊரே நம்பிய காலம். மாதா கோயிலே கதி என்று கிடந்த என் அம்மாகூட அப்பாவை, என் அக்கா பெயரைச் சேர்த்து, 'ஜெபமலர் அப்பா' என்றுதான் சொல்வாள். பக்கத்தில் நிற்கிறவர் பெயரை எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கம்.

எடுத்துக் கொடுத்தான் மகராசன். "கருப்பண்ணன்னு எழுதுங்க." நானும் எழுதிவிட்டேன்.

"அது உங்க பேரு" என்றார் அந்த அம்மாள்.

"எல்லாம் ஒண்ணுதானுங்க நங்கை." அண்ணியை அந்தப் பக்கத்தில் நங்கை என்பார்கள். "அண்ணன் படுத்துட்டாரு. வண்டி சும்மா நின்னு துருப்பிடிக்குது. நான் நாமக்கல்லுக்கு வாடகைக்கு ஓட்டிக்கறேன். அண்ணன் பேருதான் வேணும்னா, நீங்களே சொல்லுங்க பாக்கலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான் பாருங்கள், எனக்கு அந்த மைக்கூட்டை எடுத்து மூஞ்சியில் விட்டெறியலாம் போல இருந்தது. அந்த அம்மாள் என்னிடம் திரும்பினார்.

"எங்கூட்டுக்காரருன்னு எழுதுனா ஆகாதா?"

"ஆகாதும்மா. பேர் வேணும்."

முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியது. சரி, தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் முந்தானையை உதறி இடுப்பில் செருகினார்.

"நாச்சிமுத்து" என்றார். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை, "நாச்சிமுத்து! எழுது!"

கருப்பண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "அய்யய்யோ நங்கை! அண்ணன் ஆயுசு என்னத்துக்கு ஆகும்?"

"உம்பேரை எழுதச் சொன்னியே, அப்ப எங்க போச்சு அவரு ஆயுசு? அந்த வண்டி இல்லாட்டி அவரு பொழைப்பாரா?"

நான் கருப்பண்ணனைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுக் காகிதத்தில் நாச்சிமுத்து என்று எழுதினேன். காகிதத்தைத்தான் சொல்கிறேன்.

இதோடு முடிந்ததா? கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினால், "கடைசியில என்ன எழுதியிருக்குது?" என்று கேட்டார். வண்டி நன்றாக ஓடுகிறது, குறை இல்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன்.

"ஓடாத வண்டியை ஓடுதுன்னு நான் எதுக்குச் சொல்லோணும்? ஊட்டுக்குக் கொண்டாந்து உடு. ஓடுச்சுன்னா வெக்கிறேன்."

மானேஜரிடம் போய் நின்றேன். "போய்த் தொலை, நீயே வாங்கிட்டு வா" என்றார். ஆக, அடுத்த வாரம் மைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நாமக்கல் வழியாகப் புழுதி குடித்துக்கொண்டு, அதே வண்டியில் வேலூர் போனேன். என் தலையெழுத்து!

வாசலில் பெண்கள் கூட்டம். சேலத்துக் கடைவீதியில் நின்று புருஷன் பெயரைக் கூவினாள் என்று கருப்பண்ணன் ஊரெல்லாம் பரப்பியிருந்தான். இனி அவர் எத்தனை நாளைக்கோ என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சைப் பார் பேச்சை, வாசலிலேயே நின்றுகொண்டு! உள்ளே கட்டிலில் அவர் படுத்திருந்தார். ஒரு பக்கம் வாய் கோணியிருந்தது, கண் மட்டும் தெளிவாக இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்த வள்ளியாத்தாள் அந்தக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனார்.

"நாச்சிமுத்து! வண்டி வந்திருச்சுங்க. வாங்க, வைத்தியர்கிட்டப் போலாம்."

அவர் மனைவியையே பார்த்தார். கோணல் வாய் மெல்ல அசைந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் சிரித்தார். குழறிக் குழறி அவர் சொன்னது எனக்கும் புரிந்தது.

"இன்னொருக்காச் சொல்லு, அம்மிணி."

சேந்தமங்கலம் போய்வந்து சாயங்காலம் அந்த அம்மாள் கைநாட்டு வைத்தார். கருப்பண்ணன் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படி ஏறினானோ தெரியாது. வண்டி பழுதுக்கு வரும்போதெல்லாம் டிரைவரிடம் வீட்டுக்காரரைப் பற்றி விசாரிப்பேன். தடி ஊன்றிக் கொடிக்கால் வரைக்கும் நடக்கிறார் என்றான். ஒரு வருஷம் அவரே, மனைவியையும் கூட்டிக்கொண்டு, பட்டறைக்கு வந்துவிட்டார்! வண்டியை விட்டு இறங்கவே ஒரு நாழிகை ஆனது. "பேர்?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"அவளைக் கேளு" என்றார் நாச்சிமுத்து.