முன் சீற்றில் இருந்தவள்

நல்ல பிரஜையாவது எப்படி என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் ஒரு தொல்லை உண்டு: பிள்ளைகள் அதை நம்பிவிடுவார்கள்.

வவுனியாவில் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை, மத்தியானம் கோழிச் சோறு, முடிவில் ஒரு கைந்நூல். திரும்பி வந்த கையோடு, “இனி ஆளுமை விருத்தியும் நீங்கள்தான் ரீச்சர்” என்று பள்ளி அதிபர் தலையில் கட்டிவிடுவார். இந்தக் கொடுமை உங்களில் பலருக்கும் நடந்திருக்கும். எனக்கு அது சமாதான காலத்தில், நெடுங்கேணிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்தது.

மூன்று சொல்

கைந்நூலின் முதற் பாடம், ‘உன்னை அடையாளப்படுத்து’. மற்றவர்கள் உங்களை எப்படி அறியவேண்டும் என்று மூன்று சொல்லில் எழுதச் சொன்னேன். பதினோராம் ஆண்டு வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ‘நேர்மை, கடமை, கட்டுப்பாடு’ என்று ஒரே கொப்பியைப் பார்த்து எழுதியிருந்தார்கள். தர்மினி மட்டும் ‘பிந்தி வாற பிள்ளை’ என்று எழுதியிருந்தாள்.

பகிடி விடுகிறாளாக்கும் என்று ஏசினேன். அவள் தலை குனியவில்லை. காட்டோரத்து நிறுத்தத்தில் இரண்டு தம்பிமாரோடு தினமும் நிற்கிறாளாம். மாதச் சீட்டில் போகும் சீசன் ரிக்கற் பிள்ளைகளைக் கண்டால் பஸ் நிற்காதாம். பிறகு நாலு கட்டை, அதாவது நாலு மைல், நடை. போன கிழமை யானை குறுக்கே வந்ததாம். இப்படியே போனால் தவணை முடிய அவளைப் பள்ளியால் நிறுத்துவதாகத் தகப்பன் சொல்லிவிட்டார். சாதாரண தரச் சோதனையோ அடுத்த தவணையில். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்:

“நீங்கள் அந்த பஸ்ஸில முன் சீற்றில இருந்து எங்களைப் பாக்கிறனீங்கள்தானே, ரீச்சர்?”

மனு

பார்த்தேன்தான். புளியங்குளத்தில் நான் ஏறும்போதே றைவர் முன் சீற்றை எனக்கென்று பிடித்து வைத்திருப்பார். காட்டோரத்தில் மூன்று வெள்ளை உடுப்புகள் கை காட்டும். பஸ் புழுதியை அடித்துவிட்டுப் போகும். நான் கொப்பி திருத்துவேன். இத்தனை மாதமும் அப்படித்தான் போனது. அன்று வகுப்பில் வெட்கத்தால் காது சுட்டது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் மனு எழுதுவேன்.

இரண்டாம் பாடம், ‘செயலூக்கமுள்ள பிரஜை’. வகுப்பே கூடி மனு எழுதியது. முதற் கையெழுத்து என்னுடையது. ஏழு பிள்ளைகளோடு பஸ் நிலையத்துக்குப் போய், பஸ்களுக்கு நேரம் குறிக்கும் ரைம் கீப்பரிடம் கொடுத்தோம். அவர் கடைசி வரி வரைக்கும் வாசித்தார், கையெழுத்து அழகு என்றார். பிறகு போன வருடத்துக் கதையை எடுத்தார். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சும்மா சும்மா மணியடித்தது, மிதிபலகையில் தொங்கியது, பிளேட்டால் சீற் கிழித்தது.

“றைவர் நல்ல மனிசன்தான் பிள்ளையள். ஆனா அந்த வெள்ளை உடுப்பைக் கண்டால் அவற்ற கால் பிறேக்குக்குப் போகுதில்லை.”

நாலு சீற்

“அது நாங்கள் இல்லை, போன வருசத்து அண்ணாக்கள்” என்று பெடியள் வழி நெடுகக் கத்தினார்கள். மூன்றாம் பாடம் ‘சமூகப் பொறுப்பு’. அதில் இதற்கு மறுமொழி இல்லை. தர்மினிதான் சொன்னாள்: “அவையும் இதே உடுப்புத்தானே போட்டவை.” அதோடு கத்தல் நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் பஸ் நெடுங்கேணியில் ஓய்ந்து நிற்கும். றைவரிடம் கேட்டு உள்ளே ஏறினோம். சாக்கு ஊசி, தையற்கடையில் வாங்கிய வெட்டுத்துண்டு றெக்சின், பெரிய வைராக்கியம். கோணல்மாணலாக நாலு சீற் தைத்தாயிற்று. பின் சீற்றில் ஒரு கிழிசல் மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. பஞ்சாக்கும் என்று அமுக்கி, இரட்டை நூலில் இறுக்கித் தைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்த கொண்டக்டர் அந்தச் சீற்றைத் தடவினார், குனிந்து பார்த்தார், திரும்பவும் தடவினார்.

“ரீச்சர், என்ர வெத்திலைச் சரையையும் உள்ளுக்கை வைச்செல்லோ தைச்சுப்போட்டுதுகள்!”

இறக்கம்

திங்கட்கிழமை றைவர் சீற் தைத்ததற்கு நன்றி சொன்னார், என் சீற்றைத் துடைத்தும் விட்டார். காட்டோரம் வந்தது. மூன்று கைகள் நீண்டன. பஸ் வேகம் குறையவில்லை. பழகிய கால் லேசில் மாறாது போலும்.

கொப்பியை மூடிவிட்டு எழும்பினேன். “இறக்கம்!” என்று கத்தினேன். ஒரு ரீச்சர் இறங்க வேண்டுமென்றால் எந்த றைவரும் நிறுத்துவார். ஐம்பது யார் தூரம் தள்ளி பஸ் நின்றது. “பள்ளிக்கூடம் இன்னும் நாலு கட்டையெல்லோ” என்றார் றைவர். நான் இறங்கி, வாசற் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் ஓடி வந்து ஏறினார்கள். கடைசியாக நானும் ஏறினேன். எனக்குப் பயம்தான். ஆனால் இனி விடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

செவ்வாயும் இறங்கினேன். புதனும் இறங்கினேன். கொண்டக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். வியாழன் நான் சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பமுன்னமே பிறேக் பிடித்த சத்தம் கேட்டது. றைவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“நீங்கள் இருங்கோ ரீச்சர். ஏறி இறங்கி உங்கட முழங்கால் போயிடும். நான் நிப்பாட்டுறன்.”

தர்மினி சோதனைக்கு நேரத்துக்கே வந்தாள், அவளுடைய தம்பிமார் என் முன் சீற்றில் சாய்ந்துகொண்டு வந்தார்கள், நல்ல பிரஜையாவது எப்படி என்று படிப்பிக்கிறவள் நெடுங்கேணி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.