மேஸ்திரி வழிகாட்டியானார்

அப்பா தறி ஓட்டிய மில்லில் அந்த ஆள் மேஸ்திரி. கழிப்பறைக்குப் போனவர்கள் திரும்பும்வரை வாசலில் கடிகாரத்தோடு நிற்பதுதான் அவர் உருப்படியாகச் செய்த வேலை. மில்லை மூடியதும் மனை புரோக்கர் ஆனார். இப்போது வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி.

போன மாதம் மில் வாசலில் அவரைப் பார்த்தேன். முப்பது வருஷம் இங்கே தறி ஓட்டியதாகப் பயணிகளிடம் ஆங்கிலத்தில் உருகிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தறி ஓட்டுனது எங்கப்பா. நீ கக்கூஸ் வாசல்ல நின்ன ஆளுய்யா!" என்றேன்.

அவர் அசரவில்லை. நான் பழைய நண்பரின் மகன் என்றும், பாசத்தில் கத்துகிறேன் என்றும் அவர்களுக்கு மொழிபெயர்த்து, என் தோளில் கைபோட்டார். அவர்கள் கைதட்டிப் படம் எடுத்தார்கள். அவர் கையை உதறிவிட்டு வீட்டுக்கு வந்து, தோளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.