ஆறு கெளுத்திக்கு ஒரு சுவர்

பாலசிங்கம் அண்ணை துறைமுகப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். படகுகளுக்கு ஐஸ் ஏற்றிவிட்டு விறைத்த கைகளோடு அன்புவழிபுரம் வீட்டுக்கு வந்தால், முதலில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குந்துவார். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கிளிவெட்டியிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்து, அந்த வீட்டின் பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அதனால் இதெல்லாம் என் கண்முன்னேதான் நடந்தது.

தொட்டியில் ஆறு கெளுத்திகள். கடலில் வலையில் சிக்கிக் கையைப் பதம் பார்க்கும் கெளுத்தி இல்லை. சுண்டுவிரல் நீளத்தில், மீசையும் தடித்த தோலுமாய், நிலத்தை மோந்துகொண்டே திரியும் வளர்ப்பு மீன். கடையை மூடிவிட்டு ஊருக்குப் போன ஒருவர் கொடுத்துவிட்டுப் போனவை. நாள் முழுக்க ஐஸுக்குள் மீன் பார்த்தும் ஆசை தீரவில்லையோ என்று படகுக்காரர் பகிடி பண்ணுவார்கள். அண்ணை சிரித்துக்கொண்டே அடுத்த ஐஸ் கட்டியைத் தள்ளிவிடுவார்.

தொட்டி அந்த ஆறுக்கும் போதவில்லை. தண்ணீர் கெதியாகக் கலங்கியது. ஒன்று மீசை தேய்ந்து மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. கண்ணாடி வெட்டித் தொட்டி ஒட்டிக் கொடுக்கும் நௌபர் வந்து பார்த்து, பெரிய தொட்டிக்கு இடமில்லையென்றால் மூன்றைத் தான் கொண்டுபோவதாகச் சொன்னார். அண்ணைக்கு முகம் வாடிவிட்டது. ஒன்று அசைந்தால் மற்றவையும் அசைகிற கூட்டம் அது. நானும் போனில் தேடி வாசித்துப் பார்த்தேன். கூட்டம் குறைந்தால் இந்த மீன் பயந்து ஒளிந்துகொள்ளுமாம்.

புதுத் தொட்டி செய்வதென்றால் அது உயரமாக இருக்கவேண்டும் என்பதில் முதலில் எல்லாருக்கும் ஒரே கருத்து. எங்கள் துறைமுகம் பேர் பெற்றதே அதன் ஆழத்தால்தான். ஆழம் கூடினால் மீனுக்கு நல்லது என்று இங்கே யாரும் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள். கண்ணாடி அலுமாரிக்கும் கதவுக்கும் இடையில் உயரத் தொட்டி ஒன்று அளவாக நிற்கும். நௌபர் அளவும் எடுத்துவிட்டார்.

ஆனால் அண்ணைக்கு ஒரு சந்தேகம். நிலத்தைவிட்டு எழும்பாத இந்த மீன்கள், இடைக்கிடை ஏன் அம்பு மாதிரி மேலே போய், தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிட்டுக் கீழே விழுகின்றன? நாங்கள் இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தோம். ஒன்று போய் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. திரும்பவும் தேடினேன். மேலே வந்து காற்றை விழுங்கி, குடலால் மூச்சு எடுக்குமாம்.

"அப்ப உயரத் தொட்டியெண்டா ஒரு மூச்சுக்கு மாடி ஏறி இறங்கோணுமே, தம்பி?" என்றார்.

அடுத்த நாள் வேலையால் வந்ததும் நேரே நௌபரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"ஐஸ் கட்டியை நிமித்தி வைச்சாலும் அதே ஐஸ்தான், படுக்க வைச்சாலும் அதே ஐஸ்தான். ஆனா படுத்தாத்தான் நிலத்தைப் பிடிக்கும். எனக்குப் படுத்த தொட்டி வேணும், நௌபர்."

நௌபர் ஒத்துக்கொண்டார். அந்த நீளத்துக்குச் சுவர் எங்கே என்று மட்டும் கேட்டார். 

அந்த நீளத்துக்கு ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. அதில் அண்ணையின் மனைவி இரத்தினேஸ்வரி அக்காவின் அந்தக் கண்ணாடி அலுமாரி நின்றது. வீடும் அக்காவுக்குச் சீதனமாக வந்தது, அலுமாரியும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் போவான். அண்ணை அந்த வீட்டுச் சுவரில் கேட்காமல் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. இப்போது கேட்கவும் வாய் வரவில்லை. சாப்பிடும்போது ஐஸ் விலை, மழை, நௌபரின் மகளின் படிப்பு என்று சுற்றிச் சுற்றிக் கதைத்தார். மூலையில் கிடந்த மீன் அன்று சாப்பாட்டைத் தொடவேயில்லை.

கடைசியில், மூன்றை நௌபரிடம் கொடுத்துவிடலாம் என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

அக்கா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"ஏன் குடுக்கோணும்?"

"வைக்க இடமில்லையே."

"அலுமாரியை எடுத்தா இடம் வரும்தானே. உங்களுக்கு அது தெரியாதே?"

"அது உங்கட அம்மா வைச்ச இடம்."

"அவ வைச்சவ, நான் விட்டு வைச்சிருக்கிறன். வீடு என்ட பேரிலதான், ஓம். அதுக்காக நீங்கள் இவ்வளவு வருசம் விருந்தாளி மாதிரி இருந்தா எனக்குக் கோவம் வராதே? வாயத் துறந்து கேளுங்களன்."

அண்ணை கேட்டார். மூன்றே மூன்று சொல். அக்கா ஓம் என்றார். ஆனால் அலுமாரிக்குள் இருக்கும் கலியாணக் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து இறக்குவது அண்ணையின் வேலை, ஒன்று உடைந்தாலும் மீன் குழம்புக்குள் போகும் என்றார்.

ஒன்றும் உடையவில்லை. அலுமாரி என் அறைக்கு வந்தது. கட்டிலைத் திருப்பிப் போட்டுத்தான் இப்போது படுக்கிறேன். நீண்ட தாழ்ந்த தொட்டி சுவரோடு உட்கார்ந்தது. ஆற்று மணலைக் கழுவிப் பரப்பி, தண்ணீரைச் சில வாரம் பழகவிட்டு, ஆறையும் இறக்கினார்.

அவ்வளவு நீளம் இருந்தும் ஆறும் ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. மீசை தேய்ந்த மீனும் அந்தக் கூட்டத்துக்குள்ளேதான் நின்றது. பிழை விட்டுவிட்டோமோ என்று அண்ணை தவித்தார். அக்கா குசினி அடுப்பை விட்டு வந்து, கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார்.

"கொஞ்சம் விடுங்கோ. புது வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையள். கேட்டுக் கேட்டுத்தான் நடப்பினம்."